நடுவில் ஒரு தாமரை

கேம்ப் பகுதிக் கடைக்காரர் ரங்கோலிப் பொடிச் சாக்கைப் பிரித்ததும் தூசியும் சாயமும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. நான் சிறு வயதில் குடியிருந்த தாபோடி குவார்ட்டர்ஸ் வாசலுக்கே போய்விட்டேன்.

தொண்ணூறுகளில் ஒரு தீபாவளி. காலனி ரங்கோலிப் போட்டியில் மராத்திக்காரப் பெண்கள் மயிலும் தேரும் வரைவார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்த நான், தனிம அட்டவணை போடலாம் என்றேன். அம்மா மறுபேச்சில்லாமல் புள்ளி வைத்துக் கட்டம் கட்டினாள். தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் சோடியத்தின் குடும்பத்துக்குச் சிவப்பு, எதனோடும் எளிதில் சேராத நியான் வகையறாவுக்கு ஊதா என்று நான் நிறம் நிரப்பினேன்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், மேலே நடுவில் காலியாக இருக்க வேண்டிய இடத்தில் ரோஸ் நிறத் தாமரை.

“அங்க எதுவும் வராதும்மா.”

“கோலத்துல நடுவுல மொட்டையா விடுவாங்களாடி?”

அழிக்க நேரமில்லை. நடுவராக வந்த சயின்ஸ் டீச்சர் தாமரையைக் காட்டி, இது என்ன தனிமம் என்று இந்தியில் கேட்டார். காய்கறிக்காரரிடம்கூட இந்தி பேசத் தயங்கும் அம்மா நிமிர்ந்து நின்றாள்.

“யே மேரி பேட்டி டூண்டேகி.”

இதை என் மகள் கண்டுபிடிப்பாள்.

பரிசு மயிலுக்குத்தான் போனது.

இப்போது நான் வேதியியல் பேராசிரியை. எங்கள் துறை வாசலில் மாணவிகள் அதே அட்டவணையைப் போடப்போகிறார்கள். அந்த இடத்தில் எதுவும் வராது என்று அவர்களுக்கு நடத்தியதும் நான்தான். சிவப்பும் ஊதாவும் வாங்கிய பிறகு, ரோஸும் ஒரு கிலோ கட்டச் சொன்னேன்.