பாஸ்காத் தட்டில் பன்றி விலா

இருபது வருடங்களாகத் தமிழில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதி வருகிறேன். அவற்றில் ஒரு வரிக்காகவும் ஒருவரும் என்னோடு சண்டைக்கு வந்ததில்லை. சண்டை பிடிப்பதென்றால் முதலில் வாசிக்க வேண்டும். என்னுடைய ஒரேயொரு வாக்கியத்துக்காகத்தான் ஆட்கள் மேசையைச் சுற்றியிருந்து மோதினார்கள். அந்த வாக்கியம் நோர்வேஜிய மொழியில் இருந்தது. ஒரு சாப்பாட்டுத் தட்டைப் பற்றியது. அதிலே ஒரு சொல்கூட என் கற்பனை இல்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நான் கோப்பை கழுவிய ஹோட்டல் மூடுண்டு போக, வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பிள்ளை என்னிடம் என்ன செய்ய விருப்பம் என்று கேட்டாள். "வாசிக்க" என்றேன். இப்படிப் பதில் சொல்பவனுக்கு எந்த நாட்டிலும் தண்டனை இருக்க வேண்டும். நோர்வேயில் தற்காலிக வேலை கொடுக்கிறார்கள். ஒஸ்லோ நகரின் நடுவே, திறப்பு விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு சிறிய யூத அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்தில் என்னைக் கொண்டுபோய் இருத்தினார்கள். குடும்பங்கள் கொண்டுவரும் பழைய படங்களையும் துணிமணிகளையும் பாத்திரங்களையும் வாங்கி, இது யாருடையது, எப்படிப் பாவித்தீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். தருகிறவர் சொன்னதையே எழுத வேண்டும், மெருகூட்டக் கூடாது. கட்டுரை எழுதிப் பழகியவனுக்கு இதைவிடக் கொடிய வேலை இல்லை.

காப்பகப் பொறுப்பாளர் ஒரு நோர்வேஜியப் பெண். எந்தப் பிரச்சினைக்கும் கோப்பி ஊற்றுவார். பிரச்சினை பெரிதென்றால் வாஃபிளும் வரும். நான் யூதனும் இல்லை, நோர்வேஜியனும் இல்லை, ஆகவே எந்தப் பக்கமும் சேராதவன் என்பதால்தான் என்னை எடுத்ததாக முதல் நாளே சொன்னார். எந்தப் பக்கமும் சேராத தமிழனை அவர் அதற்கு முதல் கண்டிருக்க மாட்டார். பிறகும் கண்டிருக்க மாட்டார்.

அந்த இலையுதிர்காலத்தில் ஓய்வுபெற்ற நோர்வேஜியர் ஒருவர் ஒரு தட்டைக் கொண்டுவந்தார். வெள்ளீயத் தட்டு, நம்முடைய தாம்பாளத்தின் அகலம். விளிம்பைச் சுற்றி எபிரேய எழுத்துகள் செதுக்கியிருந்தன. நடுவில் ஒரு ஆட்டுக்குட்டி. அவர் சொன்னது நோர்வேஜிய மொழியில்தான். நான் அதை எனக்குச் சரளமாக வரும் யாழ்ப்பாணத் தமிழில் தருகிறேன். சண்டைக்கு அதைவிடத் தோதான மொழி எனக்குத் தெரியாது.

"எங்களுக்கு மேல்மாடியிலை ஒரு யூதக் குடும்பம் இருந்தது. நாப்பத்திரண்டிலை அவை ஓடேக்கை இதை என்ரை அம்மாட்டைக் குடுத்திட்டுப் போனவை. அம்மா பத்திரமா வைச்சிருந்தவ. அவவுக்குப் பிறகு நான்."

ஜேர்மன்காரர் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம் அது. நோர்வேஜியப் பொலிஸே வீடு வீடாகப் போய் யூதர்களைப் பிடித்துக் கப்பலேற்றியது. தப்பியவர்கள் காடு வழியாகச் சுவீடனுக்குப் போனார்கள்.

"பாவிச்சனீங்களோ?" என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்பது விதி.

"சும்மா நாளிலை அம்மா தொடவே விடமாட்டா. நத்தார் இரவு மட்டும்தான். அவ்வளவு மரியாதை!" அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "அதிலைதான் ரிப்பே வைக்கிறது. ஆர் முதல் ஆட்டுக்குட்டியைக் காணுறதெண்டு பிள்ளையள் நாங்கள் போட்டி போட்டுத் தின்னுவம்."

ரிப்பே என்பது நோர்வேஜியர் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, தோல் முறுக வாட்டும் பன்றி விலா. தட்டோ பாஸ்காத் தட்டு. எகிப்தில் அடிமைப்பட்டிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் இரவில் மேசையின் நடுவில் வைப்பது. புளித்த மாவு பட்ட பாத்திரம்கூட அந்த இரவில் மேசைக்கு வராது. பன்றி எந்த இரவிலும் வராது. இதெல்லாம் எனக்குத் தெரியும், வாசிக்க விருப்பம் என்று சொன்னவன் அல்லவா. ஆனால் அவர் பாலைக் குடித்த குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து எழுதினேன்: "நத்தார் இரவுகளில் மட்டும் இதில் பன்றி விலா பரிமாறப்பட்டது, நடுவிலுள்ள ஆட்டுக்குட்டி தெரியும்வரை பிள்ளைகள் போட்டி போட்டுச் சாப்பிட்டார்கள்."

"அதுக்கு மேலை, 'இக்குடும்பம் பத்திரமாகப் பாதுகாத்து வழங்கியது' எண்டும் போடும். தட்டுக்குப் பக்கத்திலை எழுதி வைப்பியள்தானே? அதைப் பாத்திட்டுத்தான் நன்கொடைக் கையெழுத்து வைப்பன்."

மேல்மாடிக் குடும்பத்தில் ஒரே ஒரு மகள் மிஞ்சியிருந்தார். பொறுப்பாளர் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். எழுபதைத் தொட்ட பெண்மணி. தொப்பியைக் கழற்றாமலே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீர் எவ்விடம்?"

"இலங்கை."

"என்ரை அம்மான்ரை தட்டைப் பற்றி எழுதச் சிலோனிலையிருந்து ஆள் வந்திருக்கு. நோர்வேஜியருக்கெல்லாம் நேரமில்லையாக்கும்."

தட்டை அவர் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். அந்த வீட்டிலிருந்து மிஞ்சிய பொருள் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்றார் பொறுப்பாளர், கோப்பியை ஊற்றியபடி. தகப்பன் கப்பலில் போனவர், திரும்பவில்லை. தாயும் மகளும் சுவீடனிலிருந்து வந்தபோது வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். நான் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன்.

"பத்திரமாவோ?" என்றார் பெண்மணி. "சண்டை முடிஞ்சு வந்த கிழமையே அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினவ. அந்த மனுசி சங்கிலியைக் கழட்டாமல், கதவிடுக்காலை முகத்தைக் காட்டி, 'எல்லாத்தையும் ஜேர்மன்காரர் கொண்டுபோட்டாங்கள், ஒண்டுமில்லை' எண்டிட்டா. அம்மா 'பரவாயில்லை' எண்டு சொல்லி மன்னிப்பும் கேட்டிட்டு வந்தவ. எனக்கு இண்டைக்கும் அந்த மன்னிப்பிலைதான் கோவம்." பிறகு மேசையைத் தட்டினார். "மற்ற வரியைத் திரும்ப வாசியும். அந்தப் பன்றி வரியை."

வாசித்தேன். நான் எழுதியதை ஒருவர் இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னது அதுவே முதல் தடவை.

"பத்திரமெண்ட சொல்லு வரப்படாது. பன்றி வரி அப்பிடியே நிக்க வேணும். ஒரு சொல்லும் குறையப்படாது."

அவர் போனதும் பொறுப்பாளர் கதவைச் சாத்தினார். பன்றி வரியை எடுத்துவிட்டு, "குடும்பத்தினரால் விசேட நாட்களில் பாவிக்கப்பட்டது" என்று போட்டால் இரண்டு பக்கத்தாருக்கும் நோகாது என்றார். நான் மாட்டேன் என்றேன். நீதிக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. என் எழுத்தை ஒருவர் தடைசெய்ய நினைத்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் முறை. அந்தக் கௌரவத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ஒஸ்லோவின் ஓரத்தில், பியோர்ண்டாலில் இருந்த எங்கள் வீட்டில் மனைவியிடம் சொன்னேன், ஒரு பாராட்டை எதிர்பார்த்து.

"இதிலை என்ன புதினம்?" என்றாள், உள்ளியை உரித்தபடி. "நாங்கள் இடம்பெயரேக்கை பக்கத்து வீட்டிலை குடுத்த தையல் மெஷின் என்னாச்சு? கேட்டதுக்கு ஷெல்லிலை போச்செண்டவை. பிறகு மகள் பெரியபிள்ளையாகிச் செய்த சாமத்தியவீட்டுப் படம் அனுப்பினவை. எல்லாருக்கும் வீட்டிலை தைச்ச சட்டை."

"அது வேறை மெஷினாயும் இருக்கலாம்."

"நீங்கள் ஆற்றை பக்கம்?"

"எனக்குப் பக்கமில்லை. அதுக்குத்தான் சம்பளம்."

"அப்ப உள்ளியை உரியுங்கோ. அதுக்கும் பக்கமில்லை."

திசம்பரில் இருவரையும் ஒரே மேசையில் இருத்தினார் பொறுப்பாளர். வாஃபிள் சுட்டிருந்தார்; பழப்பாகும் புளிப்புக் கிரீமும் இருந்தன. ஒருவரும் தொடவில்லை. தட்டு நடுவில் இருந்தது. அது என்ன தட்டு என்று பொறுப்பாளர் இதற்கிடையில் ஓய்வுபெற்றவருக்கு விளக்கியிருந்தார். அவருடைய முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

"எனக்கு அப்ப நாலு வயசு," என்று தொடங்கினார். "இது பாஸ்காத் தட்டெண்டு எனக்கு ஆர் சொன்னது?"

"அதிலையே எழுதியிருக்கு," என்றார் பெண்மணி.

"அது எனக்கு வாசிக்கத் தெரியுமே?"

"என்ரை அம்மாவுக்குத் தெரியும். அவ உங்கடை கதவடியிலைதான் நிண்டவ."

"என்ரை அம்மாவைப் பற்றிக் கதையாதையும்! அந்த நேரம் இதை வாங்கி வைச்சதுக்கே அவவைப் பிடிச்சிருப்பாங்கள்."

"வாங்கினதுக்கு நன்றி. தராததுக்கு என்ன சொல்லச் சொல்லுறீர்?"

"வாஃபிள்..." என்றார் பொறுப்பாளர்.

ஓய்வுபெற்றவர் என் பக்கம் திரும்பினார். "நீர் தெரிஞ்சுகொண்டுதானே எழுதினனீர்? நான் சொல்லச் சொல்லச் சிரிச்சுக்கொண்டு எழுதினனீர்!"

நான் சிரிக்கவில்லை. குனிந்துகொண்டிருந்தேன். குனிந்தால் என் முகம் சிரிப்பது போலத்தான் இருக்குமென்று மனைவியும் சொல்வாள். ஆனால் தெரிந்துகொண்டு எழுதியது உண்மை.

"ஒரே கதை," என்று எழும்பினார். "ஒண்டில் அந்தப் பன்றி வரியை எடுங்கோ. இல்லையெண்டால் தட்டை நான் கொண்டுபோறன். இன்னும் கையெழுத்து வைக்கேல்லை."

பொறுப்பாளர் பெண்மணியின் கையைத் தொட்டார். "யோசியுங்கோ. உங்கடை வீட்டிலையிருந்து மிஞ்சினது இது ஒண்டுதான். ஒரு வரிக்காக இதை விடலாமோ?"

பெண்மணி தட்டையே பார்த்தார். விட்டுக்கொடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் விட்டுக்கொடுத்து, ஒரு வாஃபிளும் எடுத்திருப்பேன்.

"கொண்டு போகட்டும்," என்றார். "இந்த நத்தாருக்கும் அதிலையே வைச்சுத் தின்னட்டும். இத்தினை வருசமும் தெரியாமல் திண்டது. இந்தமுறை தெரிஞ்சு தின்னட்டும்."

ஓய்வுபெற்றவர் தட்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். பெண்மணியும் விடைபெறாமல் போனார். வாசலில் என்னைப் பார்த்து, "நீர் ஏன் முழிக்கிறீர்? தட்டு உம்மடையே?" என்றார். உள்ளே வந்தபோது, என் ஒப்பந்தம் வசந்தத்தோடு முடிகிறது என்று பொறுப்பாளர் ஞாபகமூட்டினார், மிகுந்த அன்போடு. திறப்பு விழாவில் தட்டுக்கென்று ஒதுக்கிய இடத்தில் வேறு எதையாவது வைக்கும்படியும் சொன்னார். நான் ஒரு தொப்பியை எடுத்து வைத்துப் பார்த்தேன். தொப்பி அழகாகத்தான் இருந்தது. அதற்கு எழுத ஒன்றுமில்லை.

நத்தாரும் புதுவருடமும் போய், தெருவெல்லாம் உறைபனி வழுக்கிய ஒரு நாள், ஓய்வுபெற்றவர் திரும்பி வந்தார். சுப்பர்மார்க்கெட் பையை மேசையில் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"கையெழுத்து எங்கை வைக்கிறது?"

காட்டினேன். கேட்காமல் விட முடியவில்லை. "நத்தாருக்கு...?"

"மனுசி பழக்கத்திலை அதிலைதான் வைச்சவ. நான் ஏற்கெனவே எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். என்ரை வாய் கிடவாதே. ஒருத்தரும் கை வைக்கேல்லை. நல்ல ரிப்பே, கொழுப்பு உறைஞ்சு வெள்ளையாப் போச்சு. பேரப்பிள்ளையள் பிட்சா சூடாக்கித் திண்டதுகள்." என்னை முறைத்தார். "சந்தோசமோ உங்களுக்கு?"

"என்ன எழுத?"

"எழுதினதை எழுதும். பத்திரமெண்டதை வெட்டும். எனக்கு இது வீட்டிலை வேண்டாம்." பேனாவை மூடிக்கொண்டு நின்றார். "என்ரை அம்மா கெட்ட மனுசி இல்லை."

"அதையும் எழுதட்டோ?"

யோசித்தார். "வேண்டாம். மேல்மாடிக்காரி அதுக்கும் ஏதும் சொல்லுவா." கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார்.

அடுத்த நாள் பெண்மணி வந்தார். தட்டை மேசையில் மெத்தைத் துணி விரித்து வைத்திருந்தேன். முதலில் வாக்கியத்தைத்தான் வாசித்தார், உதடு அசைய, இரண்டு தரம். "சரி" என்றார். நன்றி என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுத் தட்டுக்குக் கையை நீட்டினார்.

பொறுப்பாளர் பாய்ந்து வந்தார். காப்பகத்துப் பொருள் எதையும் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. ஒரு சோடி நீலக் கையுறையை நீட்டி, "வெள்ளீயத்திலை விரலின்ரை ஈரம் பட்டால் கறை பிடிக்கும். எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்" என்றார்.

பெண்மணி கையுறையைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"அறுபது வருசம் கத்தியும் முள்ளுக்கரண்டியும் போட்டுச் சுரண்டினவை. எனக்கு நீ கையுறை தாறாய்?"

பொறுப்பாளர் கோப்பிப் போத்தலைத் தேடினார். அது காலியாக இருந்தது. என்னைப் பார்த்தார், தடுக்கச் சொல்லி. நான் கையுறைகளை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்து மூடினேன்.

பெண்மணி வெறுங்கையால் தட்டைத் தூக்கி மடியில் வைத்தார். எழுத்துகளைத் தடவுவார் என்று நினைத்தேன். பெருவிரல் அங்கே போகவில்லை. நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த கத்திக் கீறல்களின் மேல் ஒவ்வொன்றாகப் போனது.

"நல்லா வெட்டித் திண்டிருக்கினம்," என்றார்.