கோபமே வராத எய்லர்ட்

நார்வேயின் வடக்கே குட்டித் தீவொன்றில் தனியாளாக மீன் பிடித்துக் காலம் தள்ளியவர் எய்லர்ட். மீன்வரத்து குறையவே, ரயில் ஓட்டுநர் வேலைக்கு மனுப்போட்டார். குணத்தை அளக்கும் கேள்வித்தாளில்தான் மாட்டிக்கொண்டார்.

உளவியலாளர் சுன்னிவா தாளைத் தட்டிக் காட்டினார்.

“யாரைப் பத்தியும் புறம் பேசினதே இல்லையா? இந்த மாதிரிக் கேள்வியெல்லாம், உத்தமன் வேஷம் போடுறவங்களைப் பிடிக்கத்தான் வைக்கிறோம். பொய் சொல்றவரை நம்பி எப்படிங்க ரயிலைக் குடுக்கறது?”

எய்லர்டுக்குக் காது சிவந்தது. “யார்கிட்டப் பேசறது மேடம்? தீவுல நானும் கடற்பறவையும்தான்!”

“சரி, கோபமே வந்ததில்லைன்னும் போட்டிருக்கீங்களே?”

“வந்ததே இல்லை!”

ஓங்கி மேசையில் குத்தினார். காப்பி சிந்தித் தாளெல்லாம் நனைந்தது. வேலை போச்சு என்று நினைத்தார்.

“அது ஒண்ணு மட்டும் பொய்தான்” என்றார் மெதுவாக. “வேலை கிடைக்காமப் போயிடுமோன்னு எழுதிட்டேன்.”

சுன்னிவா காப்பியைத் துடைத்தார். சிரிக்கவில்லை.

“பொய்யை ஒத்துக்கிட்டீங்கல்ல, அது போதும். வேற தாள் தர்றேன், உள்ளதை எழுதுங்க. கோபம் வர்றவங்களும் ரயில் ஓட்டுறாங்க.”

எய்லர்ட் எழுதினார். வேலையும் கிடைத்தது. சிவப்பு சிக்னலில் காத்து நிற்கையில் இன்றைக்கும் அதை நன்றாகத் திட்டுவார்.