கால்மேல் விழுந்த முத்திரை

புதுத் தபால்தலை வெளியாகும் நாளில், உறையில் ஒரு விளையாட்டு வீரரை வரைந்து அன்றைய முத்திரை வாங்கிச் சேர்ப்பது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எனக்கிருந்த பைத்தியம். ஒருமுறை எங்கள் ஜில்லாவே கொண்டாடிய ஓட்டப்பந்தய வீரரை வரைந்தேன். செங்கல்பட்டு தபால் ஆபீசில் முத்திரை அவர் கால்கள்மேல் விழுந்துவிட்டது. படம் பாழாகிவிட்டதென்று குமாஸ்தாவோடு சண்டையே போட்டேன்.

அவர் கையெழுத்தாவது வாங்கலாமென்று, அவர் இருந்த மகாபலிபுரம் மீனவர் குப்பத்துக்குப் போனேன். படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. படகு தள்ளும்போது நசுங்கியதாம், பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

உறையைப் பார்த்ததும் அவர் சிரித்தார். "மூஞ்சி நல்லாத்தான் கீது அண்ணாத்த. தபால்காரருக்குச் சேதி தெரிஞ்சிகீது, காலை அடிச்சிட்டாரு!"

கையெழுத்துப் போட்டுத் தந்தார். "ஓடிகினு இருந்தப்ப ஊரே வந்துச்சி. கால் போன பொறவு வந்தவன் நீ ஒருத்தன். அதுவும் கையெழுத்துக்கு."

படத்தின் காலுக்காகச் சண்டை போட்ட நான், அவர் காலைப் பற்றி விசாரிக்காமலே உறையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.