நான் சுற்றிய செப்புக் கம்பி

போன ஞாயிற்றுக்கிழமை என் காருக்குள் புகை வந்தது. பின்சீட்டில் என் மகள் இருந்தாள். அவளுக்குப் பதினோரு வயது.

இரண்டு மாதம் முன்புதான் எங்கள் பழைய காரின் டிக்கியில் பெரிய சப்-வூஃபரும், அதற்கு ஒரு ஆம்ப்ளிஃபயரும் மாட்டினேன். ஐம்பதை நெருங்குகிறவனுக்கு எதற்கு இது? என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். அம்பத்தூர் டிராஃபிக்கில் தினமும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கும் ஆசை வரும்.

பெட்டியை நல்லதாக வாங்கினேன். பேட்டரியிலிருந்து டிக்கி வரை போகும் ஒயரை? வீட்டு ஒயரிங் மிச்சத்தில் கிடந்ததை இழுத்துவிட்டேன். 'டம்' என்று அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கி மங்கி எரிந்தது. பாட்டுக்கு ஏற்ற மாதிரி லைட் என்று அதையும் ரசித்தேன்... என்னை எதைக் கொண்டு அடிப்பது?

பேட்டரி பக்கத்தில் இருந்த ஃபியூஸ் ஒரே வாரத்தில் இரண்டு முறை போனது. மூன்றாவது முறை, நாமெல்லாம் வீட்டில் என்ன செய்வோமோ அதையே செய்தேன் – போன ஃபியூஸின் மேலேயே தடித்த செப்புக் கம்பியை நாலு சுற்று சுற்றிச் சொருகினேன். அதன்பிறகு ஃபியூஸ் போகவே இல்லை. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

ஞாயிறன்று மாங்காடு கோயிலுக்குப் போய்விட்டு நானும் மகளும் திரும்பிக்கொண்டிருந்தோம். வேலப்பன்சாவடி அருகே அவள் பாட்டை நிறுத்தச் சொன்னாள்.

"அப்பா, காலுக்குக் கீழ சுடுதுப்பா."

திரும்பிப் பார்ப்பதற்குள் தரைவிரிப்பின் ஓரத்திலிருந்து புகை கிளம்பியது. வண்டியை எப்படி ஓரம்கட்டினேன், அவளை எப்படி வெளியே இழுத்தேன், எதுவும் நினைவில்லை. எதிரே ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தவர் ஸ்பேனரோடு ஓடிவந்து பேட்டரி ஒயரைக் கழற்றினார். அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருந்தார், அதுதான் எங்கள் அதிர்ஷ்டம்.

புகை அடங்கியதும் விரிப்பைத் தூக்கிக் காட்டினார். ஒயரின் மேலுறை உருகித் தரையோடு ஒட்டியிருந்தது. பிறகு பானெட்டுக்குள் குனிந்தவர், ஃபியூஸைப் பார்த்து நிமிராமலே கேட்டார்.

"இன்னா சார் இது? யாரு வெச்சது இத்த?"

"நான்தாங்க. ஃபியூஸ் மூணு தடவை போச்சு..."

"போவட்டுமே. அதோட வேலையே அதான சார்? இந்த ஆம்ப்புக்கு வெரல் மொத்தத்துக்கு ஒயர் போடணும். எர்த்தும் அதே மொத்தம். கரண்டு குடுக்குற ஆல்டர்னேட்டர் தாங்குமான்னு பாக்கணும். இது ஒண்ணுமே இல்லாம கீது. தாங்கலன்னு ஃபியூஸ் மூணு தபா சொல்லிச்சு, நீ அத்தோட வாயக் கட்டிட்ட."

மகள் கடை பெஞ்சில் உட்கார்ந்து, வெறும் காலை ஊதிக்கொண்டிருந்தாள். பாதம் லேசாகச் சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை. ஒரு ஐந்து நிமிடம் அவள் தூங்கிப்போயிருந்தால் என்ற நினைப்பை என்னால் தள்ளவே முடியவில்லை.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் மெயினை அணைத்தேன். ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். மூன்றிலும் தடித்த செப்புக் கம்பி. மூன்றும் என் கைவேலை.

அதில் ஒன்று, மகள் படுக்கும் அறையுடையது.