முள் சிவப்புக்குப் போன பிறகு

அந்த எஸ்யூவியை வாங்கி நாற்பது நாள்கூட ஆகியிருக்காது. ஆம்பூரில் தோல் கமிஷன் வியாபாரம் செய்யும் ஒரு பாயிடம் வாங்கினோம். அதே ஊரில் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனிக்குப் பாதித் தோல் அவர் மூலமாகத்தான் வரும். தோலை விரித்துப் பார்த்து, வெட்டு, தழும்பு, உண்ணிக்கடி இருக்கிற இடத்தில் குறி போடுவது என் வேலை. இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன சரக்கு வேறு, வந்த சரக்கு வேறு என்று ஒருமுறைகூட ஆனதில்லை. கண்ணில் புரை விழுந்து ஓட்ட முடியாததால் வண்டியை விற்கிறார் என்று தெரிந்ததும் நானே போய்க் கேட்டேன். பழைய டீசல் வண்டி பேஜார், வேண்டாம் என்றார் என் கணவர். நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பாக்கத்தில் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். கணவர் முந்தின நாளே போய்விட்டார். காட்பாடியிலிருந்து நான் மட்டும் வண்டியில் கிளம்பினேன். வாலாஜா தாண்டியதும், சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறுவதைப் பார்த்தேன். ஏசியை அணைத்தேன். முள் இறங்கவில்லை, சிவப்புக்கே போய்விட்டது. ஓரம் கட்டியிருக்க வேண்டும். ஆனால் ரோட்டில் நின்று போன் போட்டால் கணவர் என்ன சொல்வார் என்று தெரியும். சொந்தக்காரர்கள் முன்னால் வண்டியில் போய் இறங்கும் ஆசையும் இருந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினேன். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே பானெட்டிலிருந்து ஆவி கிளம்பி, இன்ஜின் தானாக நின்றுவிட்டது.

மறுநாள் வேலூர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் திறந்து பார்த்தார். இன்ஜினின் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டும் சூட்டில் வளைந்திருக்கிறது என்றார். பிறகு என்னிடம், "ஹீட் காட்டின பிறகும் ஓட்டினீங்களா மேடம்?" என்று கேட்டார். பக்கத்தில் கணவர் நின்றிருந்தார்.

"இல்லீங்க. உடனே நிறுத்திட்டேன்."

அப்படியென்றால் இது முன்பே இருந்த கோளாறு, மறைத்து உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்றார் மெக்கானிக். நான் மறுக்கவில்லை.

அன்று சாயங்காலமே கணவர் என்னைக் கூட்டிக்கொண்டு ஆம்பூர் போனார். பாய் வீட்டு முன்னறையில் சென்னையிலிருந்து தோல் வாங்க வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். கணவர் குரலைத் தாழ்த்தவில்லை. தெரிந்தவர்களிடமே இப்படிச் செய்தால் வியாபாரத்தில் எப்படி இருப்பீர்கள் என்று கேட்டார். சென்னைக்காரர் செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். பாய் என்னைத்தான் பார்த்தார்.

"நான் தெரிஞ்சு குடுக்கலம்மா," என்றார்.

விற்பதற்கு முன் ரேடியேட்டர் ஹோஸை மாற்றியதாகச் சொன்னார். கிளிப் சரியாக இறுகாமல் தண்ணீர் ஒழுகியிருக்கலாம், அது தன் தப்புதான், வண்டியைத் தன் மெக்கானிக்கிடம் விடுங்கள், தானே சரிசெய்து தருகிறேன் என்றார். அப்போதும் நான் சிவப்பில் ஓட்டியதைச் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் வண்டி வீட்டுக்கு வந்தது. சத்தம் முன்பைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் தோல் வரும் நாட்களில் என் மேஜையருகே வந்து பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கும் பாய், இப்போது ஆளை உள்ளே அனுப்பிவிட்டு கம்பெனி கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். ஒருநாள் அவர் சரக்கைப் பிரிக்கும்போது, இனிமேல் இவர் தோல் கட்டுகளை ஜாஸ்தி கவனித்துப் பார்க்க வேண்டுமாம் என்றாள் என்னோடு வேலை செய்கிறவள். வண்டி விஷயம் கம்பெனி வரைக்கும் வந்திருந்தது. கையில் இருந்த தோலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. அதே தோலை மூன்று முறை புரட்டினேன்.

ஷிப்ட் முடிந்ததும் காட்பாடி ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்குப் போகாமல் பாய் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன்.

"முள் சிவப்புக்குப் போனதைப் பார்த்தேன் பாய். பார்த்துட்டேதான் ஓட்டினேன். அப்பவே நிறுத்தியிருந்தா ஹோஸ் மாத்துறதோட போயிருக்கும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தண்ணி ஒழுகினது என் தப்பு, அது கெடக்கட்டும்," என்றார். "அன்னைக்கு அந்த சென்னைப் பார்ட்டி இங்கதான இருந்தாரு. அதுக்கப்புறம் அவர் வரல. அவர்கிட்ட நான் போய் இன்னான்னு சொல்றது?"

சென்னைக்காரர் நம்பரை வாங்கி அங்கிருந்தே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரிம்மா, பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். பிறகு அவர் வந்தாரா என்று பாயைக் கேட்கும் துணிச்சல் எனக்கு இன்றுவரை வரவில்லை. ரிப்பேருக்கு ஆனதைப் பாயிடம் கொடுத்தபோது, ஹோஸுக்கும் கிளிப்புக்கும் ஆனதைக் கழித்துக்கொண்டுதான் வாங்கினார்.

வீட்டில் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அங்க பேசினது நான்," என்றார். "என்னைப் பேச விட்டுட்டு நீ பக்கத்துலயே உட்காந்திருந்த."

அடுத்த ஞாயிறு அவர் தனியாக ரயிலேறி ஆம்பூர் போனார். நானும் வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். மத்தியானம் திரும்பியவர், பாய் வீட்டில் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள் என்று மட்டும் சொன்னார். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் நான் ஏதாவது சொன்னால், இப்போதெல்லாம் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறார்.