ஆட்டுப்பட்டிக்கு ஒரு கார் கதவு

கொல்லிமலையில், தேவனூர் நாட்டில், ஓர் ஊர்க்கவுண்டர் வீட்டு ஆட்டுப்பட்டிக்கு மோட்டார் கார் கதவு போட்டிருக்கிறது. மண்டிக்கு மிளகு பார்க்க மலையேறிப் போன இடத்தில், போன மாசியில், அதைக் கண்டேன். சுற்றிலும் முள்வேலி, நடுவில் கறுப்புக் கதவு. நிக்கல் கைப்பிடி இருக்கிறது. கண்ணாடி இறக்கும் சுற்றுப்பிடியும் இருக்கிறது. கண்ணாடி மட்டும் இல்லை. அந்த வழியாக ஒரு கிடா தலையை நீட்டி, சவாரிக்குக் கிளம்பிவிட்ட ஜமீன்தார் வழியில் நிற்கும் குமாஸ்தாவைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தது. நானும் குமாஸ்தாதான் என்பதால் அதில் தப்பு சொல்வதற்கில்லை. எனக்கு அந்தக் கதவைத் தெரியும். அது செய்யப்பட்ட பட்டறையில் நான் இருந்தேன். எங்கள் கம்பெனி உலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன பொருள்களில் இன்றும் வேலை செய்வது அது ஒன்றுதான்.

பேளுக்குறிச்சிக்கு அப்பால், மலையடிவாரத்தில், கார் செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது என்று சொன்னால் இன்றைக்குச் சந்தைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். இருந்தபோதும் சிரித்தார்கள். முதலாளி நிலபுலம் உள்ளவர். அந்தப் பக்கத்தில் முதன்முதலாகக் கார் வாங்கியவர். அது வாரத்துக்கு இரண்டு தடவை நின்றுபோனதைப் பார்த்து, கார் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்ற முடிவுக்கு வந்தவர். எஞ்சினும் அடிச்சட்டமும் சீமையிலிருந்து பெட்டி பெட்டியாக வரும். தேக்குச் சட்டமும் தகரமும் வைத்து மேல்கூடு கட்டி, சாயம் பூசி, பெயர் எழுதுவது எங்கள் பாடு. பெயர் வைத்தவன் நான். நிறையப் புத்தகம் படித்துவிட்டு வேறு எதற்கும் லாயக்கில்லாமல் போனவன் என்பதால், கடிதம் எழுதவும் விளம்பரம் எழுதவும் என்னை வைத்திருந்தார்கள். காருக்கு ‘மலையரசு’ என்று பெயர் வைத்தேன். அரசர்களின் வழக்கப்படியே அதுவும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்புறம் யுத்தம் வந்தது. கப்பல் நின்றது, பெட்டி வருவது நின்றது, பெட்ரோலை மருந்து மாதிரி அளந்து கொடுத்தார்கள். பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் அடிவாரத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். மாதச் சம்பளத்தை நம்பித் தங்கள் பங்கு நிலத்தை அண்ணன் தம்பிக்கு விட்டுக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். கம்பெனி மூடினால் திரும்பிப் போய் உழ அவர்களுக்குக் காடு கிடையாது. இரண்டு மேனேஜர்கள் வந்து பார்த்துவிட்டு, ஒருவர் வயிற்றுவலி என்றும் ஒருவர் ஒன்றும் சொல்லாமலும் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவரைப் பற்றித்தான் சொல்ல உட்கார்ந்தேன்.

இவர் வரும்போதே வயிற்றுவலியோடுதான் வந்தார். பட்டணத்துக்காரர், ஒட்டிய கன்னம், கோட்டுப் பை இரண்டிலும் திருகாணிகள். நடந்தால் சலங்கை கட்டின மாதிரிச் சத்தம் வரும். முதல் நாள் அவர் ஆபீஸ் பக்கமே போகவில்லை. முடிந்து நின்ற ஒரே காரின் அருகே போய்க் கதவைத் திறப்பதும் சாத்துவதுமாகக் காலைப்பொழுது முழுவதையும் கழித்தார். சாத்தும்போதெல்லாம் தகரப்பெட்டி மாடியிலிருந்து விழுந்த மாதிரி ஓசை. மத்தியானம் எல்லாரையும் கூப்பிட்டு, “கார் பார்க்க வர்றவனுக்கு எஞ்சினைப் பத்தி ஒண்ணும் தெரியாது. கதவைச் சாத்திப் பார்ப்பான். அந்தச் சத்தத்துல அவனுக்கு நம்ம கம்பெனியே கேட்டுடும்” என்றார்.

தலைமைப் பிட்டர் நாக்கில் முள் வைத்திருப்பவர். “ஏனுங்க, ஓடாத காருக்குக் கதவு சாத்துனா என்னங்க, சாத்தாட்டி என்னங்க?” என்றார்.

“ஓடாத கார்ல அசையறது அது ஒண்ணுதானய்யா. அதையாவது ஒழுங்கா அசைப்போம்.”

பிட்டர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கதவு வேலை அன்றைக்கே தொடங்கியது. கீலை மாற்றினார்கள், சட்டத்தை இழைத்தார்கள், பழைய கம்பளியைக் கீறி விளிம்பில் ஒட்டினார்கள், தோல் வைத்தார்கள், எடுத்தார்கள். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுப்பார், தலையை ஆட்டுவார், மறுபடியும் கழற்றுவார்கள். ஒருநாள் சாத்தியபோது ‘டப்’ என்று ஒரே ஓசை. நல்ல தேங்காயைத் தட்டினால் வருமே, அது. பிறகு ஆளாளுக்கு வந்து ஒருமுறை சாத்திப் பார்த்தார்கள். நானும் சாத்தினேன். ஒரு விளம்பரத்திலும் எனக்கு எழுத வராத ஒன்று அந்தச் சத்தத்தில் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் தாமதமாக வேலைக்கு வரவில்லை. இதை எந்தப் புத்தகத்திலாவது படித்திருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

பட்டறையின் வெளிக்கேட் மட்டும் அப்படியே கிடந்தது. தூண் சாய்ந்து, ஒரு பக்கம் மண்ணில் புதைந்து, சாத்த வேண்டுமானால் இரண்டு ஆள் தூக்க வேண்டும். அதைச் சரிபண்ணலாமே என்று கேட்டதற்கு மேனேஜர், “அது திறந்திருக்க வேண்டிய கதவு. நான் இருக்கிறவரைக்கும் அதைச் சாத்த மாட்டேன். சாத்தாத கதவுக்கு எதுக்கய்யா கீல்?” என்றார். அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம்.

பெட்ரோல் இல்லையென்றால் கரி இருக்கிறதே என்று அடுத்த வேலையில் இறங்கினார். காரின் முதுகில் ஓர் உருளை; அதற்குள் அடுப்புக்கரியைப் பற்றவைத்துக் காற்றாடியைக் கையால் சுற்றினால் வாயு கிளம்பும்; அதில் எஞ்சின் ஓடும். ஊரெல்லாம் பஸ்கள் அப்போது அப்படித்தான் ஓடின. அல்லது ஜனங்கள் இறங்கித் தள்ள, நடந்தன. நல்ல கரி மலையில் கிடைத்தது. தேவனூர் நாட்டு ஊர்க்கவுண்டர் ஆள் தலையில் மூட்டையேற்றி இறக்கிக் கொடுப்பார். கடனுக்கும் கொடுப்பார், கேட்கவும் மாட்டார். அவருடைய கரியில் எங்கள் மலையரசு முதன்முதலாகப் பேளுக்குறிச்சிச் சந்தைவரை போய், சொந்தக் காலில் திரும்பியும் வந்தது. அன்றைக்குப் பட்டறையில் பாயசம் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டோம் என்றே நினைத்தோம்.

அந்த நினைப்பு முதலாளிக்குச் சற்று அதிகமாகவே வந்துவிட்டது. சந்தையில் நாலு பேர் நடுவில், “எங்க காரு கொல்லிமலையே ஏறுமப்பா!” என்று சொல்லிவிட்டார். அந்த நாலு பேரில் ஒருவர் சமவெளியில் பஸ் ஓட்டுகிற முதலாளி. எங்கள் உருளைகளையும் மேல்கூடுகளையும் தன் பஸ்களுக்கெல்லாம் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர். “ஏறட்டுமுங்க. ஏறுனா மறுபேச்சில்லீங்க, அத்தனையும் உங்ககிட்டத்தான்” என்றார். முதலாளி மேனேஜரிடம் வந்து, இது கிடைத்தால் பட்டறை, கிடைக்காவிட்டால் பூட்டு என்றார். கரிவாயுவில் எஞ்சினுக்குப் பாதிப் பலம்தான். மேடு என்றால் இளைக்கும். மேனேஜருக்கு அது தெரியாதா? இருந்தும் சரி என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தார். கொல்லிமலை அடிவாரத்திலிருந்து பார்த்தால் சுவர் மாதிரி இருக்கும்.

மலைக்கு அப்போது ரோடு கிடையாது, இன்றைக்கும் கிடையாது. மரம் இழுக்கிற தடம் ஒன்று பாதி மலையிலுள்ள ஒரு கோயில் திட்டுவரை போகும். அதைச் செதுக்கி அகலப்படுத்த ஊர்க்கவுண்டர் ஆட்களோடு வந்தார். கூலி வேண்டாம் என்றார். ஆனால் ஒன்று: “சாமியக் கேக்காம புதுசா எதையும் மலமேல ஏத்தறதில்லீங்க.” கேட்பது என்றால் பூக் கேட்பது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள்; எடுக்கிற பொட்டலத்தில் வெள்ளை இருந்தால் சாமி சரி என்றுவிட்டது. வெள்ளைதான் வந்தது. எங்கள் ஆட்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, பூவை நம்பாத மேனேஜரும் கும்பிட்டார். இறங்கும்போது என்னிடம் மெல்ல, “சாமி ஒத்துக்கிட்டாச்சு. இனி எஞ்சின்தான் பாக்கி” என்றார்.

ஏறுகிற நாளில் பஸ் முதலாளி ஆட்கள் தூக்கும் டோலியில் முன்னாடியே போய்த் திட்டில் உட்கார்ந்துகொண்டார். மேனேஜர் தாமே ஸ்டீரிங்கைப் பிடித்தார். முதல் வளைவு தாண்டியது. ஆட்கள் குலவையிடாத குறை. இரண்டாம் வளைவில் எஞ்சின் இருமி, முனகி, நின்றது. மேனேஜர் இறங்கவில்லை. “பதறாதீங்க. கரி சரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். கிளறிவிட்டுக் காத்தாடியைச் சுத்துங்க, தணல் ஏறட்டும். பொறுமையாப் போனா ஏறிடும்” என்றார். ஏறியிருக்கும் என்றுதான் பிட்டர் கடைசிவரை சொன்னார்.

ஆனால் ஊர்க்கவுண்டர் வெயிலைப் பார்த்தார். பூக் கேட்டபோது சொன்ன நல்ல நேரம் கழியப் போகிறது. “நேரந் தப்புனா பூ பொய்யாயிருமுங்க. எங்க நாட்டுக்கே ஆகாதுங்க” என்றார். மலைக்காரர்கள் தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். அடுத்த நிமிஷம் கார்க் கதவுகளைக் கழற்றித் தடத்தோரம் சாய்த்து வைத்தார்கள், திறந்த வாசல் வழியாகவும் அடிச்சட்டத்துக்குக் கீழேயும் மூங்கில்களை நுழைத்தார்கள், கொடியால் இறுக்கினார்கள். எங்கள் ஆட்களும் போய்த் தோள் கொடுத்தார்கள். மேனேஜர் இறங்கப் பார்த்தார். “நீங்க உக்காருங்க சாமி. வெறுஞ் சப்பரம் ஏறக்கூடாதுங்க” என்று கவுண்டர் அவரை உட்கார வைத்துவிட்டார். மலையரசு தரையிலிருந்து கிளம்பியது. அவ்வளவு சீராக அது அதற்குமுன் ஓடியதில்லை.

நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தேன். சிரிப்பு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். மூன்றாம் வளைவில் மேனேஜரின் கைகளைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. தூக்குகிறவர்கள் இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் அவர் ஸ்டீரிங்கை இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். ஏன் நிறுத்தச் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். “கூலி வாங்காமத் தடம் வெட்டினவங்க. காசு கேக்காமக் கரி கொடுத்தவங்க. அவங்க சாமியைப் பொய்யாக்கி நான் என்னத்தை ஓட்டறது? இறக்குங்கன்னு சொல்ல வாய் வரலை” என்றார்.

திட்டில் இறக்கி வைத்தபோது பஸ் முதலாளி எழுந்து வந்து, காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூங்கிலைத் தொட்டுப் பார்த்தார். “நானும் இப்படித்தானுங்க வந்தேன்” என்றார். பரிகாசமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் பிட்டர் எஞ்சின் கம்பியை ஒரு சுற்றுச் சுற்ற, தணல் ஏறியிருந்த எஞ்சின் ஒரே பிடியில் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரிச் சீராக உறுமியது. பஸ் முதலாளி கொஞ்ச நேரம் கேட்டார். “நல்லாத்தானுங்க ஓடுது. ஆனா ஏத்தந்தான் முடிஞ்சுபோச்சுங்களே, இனி இதுக்கு இங்க வேலையில்லீங்க” என்று சொல்லி டோலியில் ஏறிக்கொண்டார்.

காரைக் கயிறு கட்டி இறக்கினோம். தடத்தோரம் நின்ற கதவுகளைக் காட்டிக் கவுண்டர், “இதுகள மறுபடி மாட்டிறலாமுங்களா?” என்றார். “நீங்களே வச்சுக்குங்க” என்றார் மேனேஜர்.

ஆர்டர் கிடைக்கவில்லை; எங்கள் முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பூட்டை வாங்கி மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு, முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் ஊரைவிட்டே இரண்டு நாள் போய்விட்டார். மேனேஜர் ஒவ்வோர் ஆளையும் தனியாகக் கூப்பிட்டுத் தாமே சொன்னார். காகிதத்தில் எழுதி ஒட்டிவிடலாம், நான் எழுதித் தருகிறேன் என்றேன். “வேண்டாமய்யா, நீர் எழுதினா நல்லாயிருக்கும்” என்றார். எல்லாரும் வெளியே போன பிறகு கேட்டைச் சாத்த வந்தார். அது அசையவில்லை. தோளைக் கொடுத்தார், கோட்டுப் பையில் திருகாணிகள் குலுங்கின. மண்ணில் ஒரு விரற்கடை நகர்ந்து நின்றுவிட்டது. வெளியே வேலையிழந்து நின்றவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நானும் வெளியேதான் நின்றேன். கடைசியில் தலைமைப் பிட்டர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். “அந்தப் பக்கம் நீங்க புடிங்க. இந்தப் பக்கம் நான் தூக்கறேனுங்க.” இரண்டு பேருமாகத் தூக்கிச் சாத்தினார்கள். அதைச் சாத்திய சத்தத்தை என்னால் எழுத முடியாது. தகரப்பெட்டி என்று முன்பே ஒரு தடவை எழுதிவிட்டேன்.

பிட்டர் பிறகு தன் தம்பியின் காட்டிலேயே கூலிக்குப் போனார். மேனேஜரை ஒரே ஒரு தடவை சேலத்தில் பார்த்தேன். அரிசிக்கு நின்ற வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கோட்டு இல்லை. தெருவில் ஒரு டாக்ஸி நின்றது. யாரோ இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார்கள். அவர் முகம் சுளித்துக் கண்ணை மூடிக்கொண்டார். வயிற்றுவலியோ என்று நினைத்தேன். அடுத்த கோடையில் அவர் காலமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

போன மாசியில் மலைக்குப் போனபோது இதையெல்லாம் நான் கவுண்டரிடம் சொல்லவில்லை. அவர் என்னைப் பட்டிக்கு அழைத்துப்போய்ப் பெருமையாகக் கதவைக் காட்டினார். “பூ பொய்யாகலீங்க. காரு மேல ஏறுச்சா இல்லீங்களா?” என்றார். ஏறியது என்றேன். “நம்ம மேனேஜர் சாமி இப்ப எந்தக் கம்பெனீல இருக்கறாருங்க? அவரு கைபட்டா எதுவும் ஓடுமுங்க.” பெரிய இடத்தில் இருக்கிறார் என்றேன். விளம்பரம் எழுதிய வாய்; பொய் தானாகவே வந்தது. அவருக்கு மிகவும் சந்தோஷம்.

புறப்படும்போது கிடாவின் தலையை உள்ளே தள்ளிக் கதவை நானே சாத்தினேன். ‘டப்’ என்றது. அதே ஓசை, ஒரு மாற்றுக் குறையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்து நின்றேன். கண்ணைத் திறந்தபோது ஓர் ஆடுகூடத் தலை நிமிர்ந்திருக்கவில்லை. அவற்றுக்கு அது பழகிப்போன சத்தம்.