பிரிக்காமல் விட்ட கட்டு

போளூரிலிருந்து ஆரணிக்கு வரும் பஸ்ஸில்தான் செய்தி கிடைத்தது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "நம்ம டிரஸ்ஸர் கன்னியப்பன் போயிட்டாருங்க சிஸ்டர். காலைல மாரடைப்பு" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இனி யாருக்கும் தெரியாது என்ற நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்துக் கூசிப்போய்த்தான், அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நாங்கள் வேலை பார்த்த சின்ன தர்ம ஆஸ்பத்திரியை நீங்கள் அறிவீர்கள். நான் நர்ஸ். அவர் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். பதவியில் எனக்குக் கீழே. அதை அவருக்கு அடிக்கடி ஞாபகப்படுத்தியவள் நான். எழுபதுகளில், சர்க்கரை வியாதிக்காரருக்குக் காலில் புண் முற்றினால் வேலூருக்குப் போய்க் காலை எடுத்துவிட்டு வருவதுதான் வழக்கம். கன்னியப்பனுக்கு அந்த வழக்கம் பிடிக்கவில்லை.

நெசவாளர் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்துவிட்டால், நாள் முழுக்க அந்தக் காலை யாரும் பார்ப்பதில்லை, அவர் உட்பட. கன்னியப்பன் வீடு வீடாகப் போய் டார்ச் அடித்துக் குழிக்குள் குனிவார். மிதிகட்டையில் சிராய் இருந்தால் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிடுவார். உள்ளங்காலைக் காட்டுவதற்கென்று சட்டைப்பையில் ஒரு சவரக் கண்ணாடி இருக்கும். "என்னாய்யா, குழியில பொதையல் தேடறியா?" என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். "ஆமாம்மா, அஞ்சு வெரலு பொதையல்" என்பார். "வலிக்குதுன்னா பாதி பயம்தாங்க. வலிக்கலன்னாதான் முழு பயம்." இதை அவர் சொல்லாத நாளே இல்லை.

முருகேசன் என்ற நெசவாளருக்கு வலது பாதத்தில் புண். மூன்று மாதமாகக் கழுவிக் கட்டி, ஆறும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தார் கன்னியப்பன். ஒரு திங்கட்கிழமை, வராமல் நின்றுவிட்ட ஒரு நோயாளியைத் தேடிச் சந்தவாசலுக்குக் கிளம்பினார். "முருகேசன் வருவாரு. கட்டைப் பிரிச்சிப் பாத்துடுங்க சிஸ்டர்" என்று இரண்டு முறை சொன்னார். "எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டேன்.

முருகேசன் பரபரப்பாக வந்தார். அன்று மாலைக்குள் ஒரு முகூர்த்தப் புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்தாக வேண்டும். "வலியே இல்லீங்க சிஸ்டர், ஜல்தியா அனுப்பிடுங்க" என்றார். கட்டு பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. சரியாகத்தான் இருக்கும் என்று பிரிக்காமலே நோட்டில் 'புண் சுத்தம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, ஆஸ்பத்திரிக்கு அழுக்காகப் போகக் கூடாது என்று, சீழ் ஊறிய கட்டுக்கு மேலேயே அவர் மனைவி துவைத்த வேட்டித் துணியைச் சுற்றி அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை அதே துணி அப்படியே இருந்தது; பிரித்துப் பார்த்தபோது பாதம் கறுத்திருந்தது. வேலூரில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் நிற்க வைத்து, "ஏன் பிரிக்கவில்லை?" என்று என்னைக் கேட்டார். 'நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்' என்று எழுத ஆசைதான். நான் வாயைத் திறக்கவே இல்லை. கன்னியப்பன்தான் சொன்னார்: "நான்தான் சார், பிரிக்க வேணாம்னு சிஸ்டர்கிட்ட சொல்லிட்டுப் போனேன்."

வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன். "கைக்கொழந்தைய வெச்சிகினு, வேலை போனா என்னா பண்ணுவீங்க? எனக்குத் திட்டு வாங்கறது பழக்கந்தான். இனிமே பிரிச்சிப் பாருங்க, போதும்" என்றார்.

மெமோ அவருக்குப் போனது. ஊர்ப் பேச்சும் அவருக்குத்தான். முருகேசன் இரண்டு வருஷம் அவரிடம் பேசவில்லை. ஆனாலும் திங்கட்கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போவதைக் கன்னியப்பன் நிறுத்தவில்லை. முருகேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இடது காலை மட்டும் நீட்டுவாராம். ஒருமுறை அந்தக் காலிலும் கொப்புளம் கண்டு பழுத்தது. விடாமல் போய்ப் போய் ஆற்றிவிட்டார். எனக்கு எல்லாம் தெரியும். என் வேலை பத்திரமாக இருந்தது.

சாவுக்கு முருகேசன் ஊன்றுகோலோடு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அழுதார். "பிரிக்க வேணாம்னு சொல்லிட்டாரேன்னு ரொம்ப நாளு மனசு பேஜாரா இருந்திச்சிங்க சிஸ்டர். ஆனா மிச்ச காலை உடாம பாத்துகினாரு. நான் மன்னிச்சிட்டேன்." அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவரை அறிந்தவர்களே, கன்னியப்பன் பிரிக்கச் சொன்னார். இரண்டு முறை சொன்னார். பிரிக்காதவள் நான்.

அவருடைய சவரக் கண்ணாடியை அவர் மனைவி என்னிடம் கொடுத்திருக்கிறார். ஓரத்தில் சில்லு போனது. பாதம் தெரியும் அளவுக்கு நன்றாகவே இருக்கிறது. வரும் திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு முருகேசன் வீட்டுக்குப் போகிறேன். முதலில் இதைச் சொல்வேன். பிறகுதான் காலைக் காட்டச் சொல்லிக் கேட்பேன். நீட்டுவாரோ, மாட்டாரோ.